மலைத் தண்ணீருக்கு வாங்கிய தூண்டில்

காதர் பாய் கடையின் கண்ணாடி மேசை மேல் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. பின்னாலேயே இன்னொரு சொட்டு.

நான்தான் வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டேன் என்று நினைத்துக் காதர் பாய் என்னை முறைத்தார். நான் வெற்றிலையை விட்டு வருஷக்கணக்காகிறது. வாயைத் திறந்து காட்டினேன். பிறகு இருவருமாக என் வீட்டுக்காரரைப் பார்த்தோம்.

அவர் தன் பாட்டுக்குத் தட்டில் கிடந்த தூண்டில் முட்களைக் கிண்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒன்றை எடுப்பதும், வெளிச்சத்தில் பார்ப்பதும், கீழே போடுவதுமாக இருந்தார். அதில் ஒரு முள் அவர் ஆள்காட்டி விரலில் வளைவு வரைக்கும் இறங்கியிருந்தது.

“அண்ணே, கையில முள்ளு” என்றார் காதர் பாய்.

“எந்தக் கையில?” என்று கேட்டார் இவர்.

காதர் பாய் பேச்சை விட்டுவிட்டுக் குறடைத் தேடினார். காயல்பட்டினத்துக்காரர், வாய் ஓயாதவர். அவரே குறடோடு வந்து, முள்ளின் நுனியை மறுபக்கம் தள்ளி, கொக்கியை நறுக்கி, மீதியை உருவினார். இவர் அதை வேறு யாருக்கோ நடக்கிற வைத்தியம் மாதிரிக் குனிந்து வேடிக்கை பார்த்தார். நான் முகம் துடைக்கிற என் லேஞ்சியைக் கொடுத்தேன். அதைச் சுற்றிக்கொண்டு, “அந்த முள்ளுக்கும் சேத்துக் கணக்குப் போட்டுராதீரும் பாய்” என்றார்.

நாங்கள் அன்றைக்குப் போனது கடல் தூண்டில் வாங்க அல்ல. மலை ஓடையில் டிரவுட் என்கிற குளிர்தண்ணீர் மீனைப் பிடிக்கிற தூண்டில் வாங்க.

கேள்வி கேட்டவர் வாயில் சர்க்கரை

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய, நான் கருவாட்டுக் கூடையோடு பஸ்ஸில் ஏறி நாசரேத் வரைக்கும் ராணி மாதிரித் தனி சீட்டில் உட்கார்ந்து போன கதையைப் படித்துவிட்டு, ஒரு வாசகர் பத்திரிகைக்குப் போன் போட்டிருக்கிறார். கதை நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. “அந்த அம்மா கடற்கரைக்காரிதானே, மலைத் தண்ணீரில் டிரவுட் பிடிக்க எந்தத் தூண்டிலை நம்பி வாங்கலாம் என்று கேட்டுச் சொல்லுங்கள்” என்றாராம்.

பனங்காட்டுக்காரரிடம் போய் ஆப்பிளுக்கு உரம் கேட்கிற மாதிரி இருக்கிறது இல்லையா? பத்திரிகைக்காரப் பிள்ளை போனில் சொல்லிவிட்டுச் சிரித்தது. நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால், ஐயா, எனக்கு அது தெரியும். தெரிந்துகொள்ள வேண்டி வந்தது.

விரல்

என் வீட்டுக்காரர் மிக்கேல் கைத்தூண்டில்காரர். வலை போடமாட்டார். வலைக்காரர்களைப் பார்த்தால், “அள்ளுதவன்” என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுவார். வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, நூலைக் கீழே பார் என்கிற கடலடிப் பாறை வரைக்கும் இறக்கி, ஆள்காட்டி விரலில் ஒரு மடிப்பு மடித்து வைத்திருப்பார். அவ்வளவுதான் அவருடைய தொழில் சாமான். மீதி எல்லாம் விரல்.

அந்த ஆழத்தில் என்ன மீன் வந்து வாய் வைக்கிறது என்று விரல் சொல்லிவிடும். விளமீன் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இழுக்கும். சீலா சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கும். கிளாத்தி மட்டும் ஆளைக் காட்டாமல் அரித்துக்கொண்டே இருக்கும். என் மாமியார் மாதிரி என்று நான் சொல்வேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாளும் மறுத்ததில்லை.

அவர் வயிற்றில் கட்டி என்று திருநெல்வேலியில் சொன்னார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி போனது, மீசை போனது. “இப்பத்தான் கல்யாண போட்டோல இருந்த மாப்பிள மாரி இருக்கீய” என்று கேலி செய்தேன். அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார்.

ஒரு காலையில் கொதிக்கக் கொதிக்கக் காப்பி கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தால் உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. சுட்டதே அவருக்குத் தெரியவில்லை.

மருந்து நரம்பைத் தொட்டிருக்கிறது, மெல்லத்தான் திரும்பும், வருஷம்கூட ஆகலாம் என்றார் டாக்டர்.

“அது திரும்பி வரும்போது நான் இருக்கணும்லா டாக்டரே” என்றார் இவர்.

டாக்டர் சிரித்தார். பிறகு குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டார். அவர் ஏன் குனிந்தார் என்று எனக்கு விளங்கியது. அவர் சிரிக்காமலே இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை, யார் சொல்லியும் கேட்காமல் கடலுக்குப் போனார். கூடப் போனவர்கள் மாறி மாறி மீன் ஏற்றியிருக்கிறார்கள். இவர் நூலை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் வெறும் முள். இரை போயிருக்கிறது, போனது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நூல்கட்டையை ஆணியில் மாட்டினார்.

“கடிச்சிருக்கு ஏளா. எங்கிட்டதான் சொல்லல” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். பேசாமல் இருந்துவிட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி விரலைப் பற்றிச் சொன்னார். அன்றிலிருந்து சோறு குறைந்தது, பேச்சும் குறைந்தது.

ஜெசி காட்டிய படம்

எங்கள் மகள் ஜெசியை ஊட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மருமகனுக்குத் தேயிலை ஆலையில் வேலை. அப்பாவைப் பார்க்க வந்தவள், பொழுது போகட்டும் என்று போனில் ஒரு படத்தைக் காட்டினாள். அவர்கள் ஊருக்கு மேலே ஒரு ஓடை. கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதில் ஒரு சின்ன இறகுப் பூச்சி மிதந்து வருகிறது. கீழிருந்து ஒரு மீன் எழும்பி, வாயைத் திறந்து, பூச்சியை வாங்கிக்கொண்டு போகிறது.

இவர் போனை வாங்கினார். மறுபடி பார்த்தார். நான் சோறு வடித்துவிட்டு வந்தேன், பார்த்துக்கொண்டிருந்தார். துணி காயப்போட்டு வந்தேன், அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏளா, இது மேலயே கடிக்கில்லா” என்றார். “கண்ணால பாத்துப் புடிக்கலாம்லா. வெரலு எதுக்கு?”

ஆசைப்பட்டு அவர் ஒரு வார்த்தை பேசியே மாதக்கணக்காகியிருந்தது. சாவதற்குள் ஒரு மீன் கடிப்பதை மறுபடி அறியவேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் அப்படிக் கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு காதர் பாய் கடைக்குப் போனேன்.

உப்பில்லாத தண்ணீர்

இனி வாசகர் காதைத் தீட்டிக்கொள்ளலாம்.

முதலில், பார்சலில் வருகிற சாமானை நம்பாதீர்கள். ஜெசி ஆசையாக ஒன்றை வரவழைத்துக் கொடுத்திருந்தாள். பெட்டி அழகு. கோல் பளபளப்பு. முதல் வீச்சிலேயே நுனி வளையம் கழன்று பக்கத்து மாடிக்குப் போய்விட்டது. வளையம்தான் தூரம் போனது, நூல் காலடியிலேயே கிடந்தது.

கோலை வாங்குமுன் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு பஞ்சை இழுத்துப் பாருங்கள். கீறல் இருந்தால் பஞ்சு சிக்கும். அந்தக் கீறல் நூலை அறுக்கும். காதர் பாய் கடையில் பஞ்சு இல்லை. நான் என் சேலை முந்தானை நூலை விட்டு இழுத்தேன். “அக்கா, கோலு வாங்க வந்தியளா, நெய்ய வந்தியளா?” என்றார் பாய்.

கோலில் ஒரு எண் போட்டிருக்கும். நூலிலும் ஒரு எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பார்க்கிற பொருத்தத்தை எல்லாம் விட இது முக்கியம். கோல் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறதாக இருந்தால் புதுக்கைக்கு நல்லது.

இந்தத் தூண்டிலில் ஈயக்குண்டு கிடையாது. பாதிக் கதை அதில் இருக்கிறது. நாங்கள் ஈயத்தை எறிவோம், நூல் பின்னால் போகும். இதில் நூலே கனம், அதைத்தான் எறியவேண்டும். முள்ளில் இறகு கட்டிச் செய்த பூச்சிக்குக் கனமே இல்லை. இவர் நம்பவில்லை. காதர் பாய் திரும்பின நேரம் பார்த்து ஒரு குண்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வெளியே வரும்போது நான்தான் எடுத்து வைத்தேன்.

ரீலுக்குத்தான் பெரிய சண்டை. உப்பு அரிக்காத ரீல் வேண்டும் என்று நின்றார் இவர்.

“அண்ணே, அங்கன உப்பே கிடையாது” என்றார் பாய்.

“உப்பு இல்லாத தண்ணியில மீனு எப்படி வே இருக்கும்?”

“இருக்கு அண்ணே. பத்தியச் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருக்கு.”

இவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகவே பாய்க்கு ஒரு நாள் பிரியாணி போட்டிருக்கலாம். கடைசியில் சாதாரண ரீல்தான் வாங்கினோம். டிரவுட்டுக்கு ரீல் நூலைச் சுற்றி வைத்தால் போதும். கையால் இழுத்தால் திக்காமல் வரவேண்டும், விட்டால் தானாக ஓடக்கூடாது. அதுதான் பரீட்சை.

நுனி நூல் மயிரிழை மாதிரி இருக்கும். அதைப் பார்த்ததும் இவர் முகம் சுருங்கியது. நம்பகமான நூல் என்றால் எங்கள் ஆட்களுக்கு அறாத நூல். ஆனால் அந்த மீனுக்குக் கண் கூர்மை. தடித்த நூலைக் கண்டால் கிட்ட வராது. அறுந்தாலும் பரவாயில்லை என்று மெல்லிசாக வாங்குவதுதான் அங்கே புத்தி. அதைப் படிக்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்கும்தான்.

அன்றைக்குத்தான், எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில், பழக்க தோஷத்தில் கடல் முள் தட்டைக் கிண்டி விரலில் முள்ளை ஏற்றிக்கொண்டார்.

காக்கா விரட்டியவர்

அதற்குப் பிறகு எங்கள் முத்தையாபுரத்து வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் தோறும் பயிற்சி. துறைமுகத்துக் கரித்தூள் படிந்த மாடியில் நான் ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து வைப்பேன். அது மீன். இவர் கோலைப் பின்னால் கொண்டுபோய், நூல் முழுக்க நீளும் வரைக்கும் பொறுத்து, முன்னால் வீசவேண்டும். அந்தப் பொறுத்தல்தான் கஷ்டம். அவசரப்பட்டால் நூல் கழுத்தில் மாலையாக விழும்.

கீழே பலசரக்குக் கடை அண்ணாச்சி கரி லாரிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார், “என்ன அண்ணாச்சி, தெனமும் காக்கா வெரட்டுதிய?”

“ஆமா வே. உம்ம கடைப் பருப்பத் தின்னுட்டு வந்து இங்கன மயங்கி விழுது” என்றார் இவர்.

ஒரு வாரம் போனதும் நூல் மாடிக்கு மேலே வளைந்து, நிதானமாக நீண்டு, பேசினுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் இறங்கியது. அன்று இரண்டாவது தடவை சோறு கேட்டார். நான் குசினிக்குள் போய் மாதா படத்தைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுவிட்டு, சோறு போட்டேன்.

இவர் இப்போது இல்லை என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். மலைக்குப் போய்வந்த பிறகு வந்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு வேடிக்கையாக ஒன்றும் கிடைக்காததால் அதை விட்டுவிட்டு ஓடைக்கரைக்குப் போகிறேன்.

ஓடைக்கரை

மருமகன் மீன்துறையில் அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருந்தார். காலை வெயில் மரங்களுக்கு மேலே இருந்தது, கீழே இறங்கவில்லை. இவருக்கு இரண்டு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா. தண்ணீர் பாறைகளுக்கு நடுவே சலசலவென்று ஓடி, ஒரு இடத்தில் அகன்று அமைதியாகக் கிடந்தது. ஈர இலை வாசம். மீன் வாசமே இல்லாத மீன்பிடி இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீசினார். ஜெசி கை தட்டினாள். அவ்வளவு அழகாக விழுந்தது. பூச்சி மெல்ல மிதந்து வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். தண்ணீர் குமிழ் விட்டது, ஒரு வாய் வந்தது, பூச்சியைக் காணோம். அடுத்த நொடி துப்பிவிட்டுப் போய்விட்டது. பூச்சி மறுபடி மிதந்தது.

இவர் அசையவே இல்லை.

இரண்டாவது தடவையும் அப்படியே ஆனது. இப்படி ஒரு மீன் வந்து வாய் வைக்க, இவர் சிலையாக நிற்கிறாரே என்று திரும்பி முகத்தைப் பார்த்தேன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, கண்ண மூடிக்கிட்டா மீன் புடிக்கிய?”

திடுக்கிட்டுத் திறந்தார். “மூடியிருந்தனா?”

கைத்தூண்டில்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தானாம். நூலை இறக்கியதும் கண்ணை மூடிக்கொள்வார்கள். காதுக்கும் கண்ணுக்கும் போகிற கவனம் எல்லாம் விரலுக்கு இறங்கும். ஆயுசு முழுக்க அப்படி உட்கார்ந்தவர். கோலைச் சரியாக வாங்கினோம், நூலைச் சரியாக வாங்கினோம், பூச்சியைச் சரியாக வாங்கினோம். கண்ணைத் திறந்து வைக்க ஒரு சாமான் காதர் பாய் கடையில் இல்லை.

முயன்று பார்த்தார். பூச்சி தண்ணீரில் விழுந்ததும் இமை தானாக இறங்கியது. அவராகவே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“நீ பாத்துச் சொல்லு. நான் தூக்குதேன்” என்றார்.

ஜெசி காப்பி எடுத்துவரப் போயிருந்தாள். நான் பாறையில் குந்தி, கண் கொட்டாமல் பார்த்தேன். குமிழ் வந்தது. “இப்ப” என்றேன். கோலைத் தூக்கினார். கோல் வளைந்தது. ரீல் கிர்ரென்றது. எனக்கு எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது.

இவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

“இருக்கா?” என்று கேட்டார்.

“கோலு வளஞ்சு நிக்கி. இருக்கான்னு கேக்கிய?”

“கனம் முழங்கைக்குத் தெரியுது ஏளா. மீன் தெரியல.”

அவர் கோலை என் கையில் கொடுத்துவிட்டு, நூலை எடுத்து என் ஆள்காட்டி விரலில் மடித்து வைத்தார். எங்கள் வீட்டில் ஆண்களின் தூண்டில் நூலைப் பெண்கள் தொடுவதில்லை. நூல்கட்டை கிடந்தால் நான் அதைச் சுற்றித்தான் கூட்டுவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அவர் பாறையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“சொல்லு.”

“என்னத்தச் சொல்ல? துடிக்கி.”

“எல்லா மீனுந்தான் துடிக்கும். எப்படித் துடிக்கி?”

தேடிப் பார்த்தேன். “தையல் மிஷின்ல துணிய விட்டா வெரல்ல தெரியும்லா. அப்படி, பொடிப்பொடியா.”

“ம்.”

“இப்ப நின்னுட்டு.”

“நிக்கல. யோசிக்கி. வெரல இளக்கிக் குடு.”

இளக்கினேன். நூல் விரலை உரசிக்கொண்டு ஓடியது. சொன்னேன். ஓடித் திரும்பியது. சொன்னேன். தலையை உதறுகிறதா என்று கேட்டார், உதறியது. இடப்பக்கம் பாறைக்கு அடியில் போகப் பார்க்கும் என்றார். அதேபடி போகப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்வதையெல்லாம் அந்த மீன் கேட்டு நடந்தது. நான்கூட அப்படி நடந்ததில்லை.

“இப்ப எப்படி இருக்கு?”

“ஜெசி வயித்துல இருக்கும்போது திரும்புவா பாருங்க. அப்படி இருக்கு.”

“அத நான் எங்க கண்டேன் ஏளா?”

“கைய வச்சுப் பாருங்கன்னு சொன்னேன். வெக்கப்பட்டுக்கிட்டு கடலுக்குப் போயிட்டிய.”

மூடிய கண்ணோடு சிரித்தார். உதடு மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. “இன்னும் சொல்லு” என்றார்.

அந்த நேரத்தில்தான் என் விரலில் நூல் தொய்ந்தது. ஒரு சின்ன உதறல். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பூச்சி தண்ணீரில் வெறுமனே மிதந்து வந்தது.

அவரைப் பார்த்தேன். தலையைக் கொஞ்சம் சாய்த்து, குரங்குக் குல்லாவுக்குள் முகம் சின்னதாகி, நான் சொல்லப்போகிற அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

“இழுக்கி” என்றேன். “நல்லா இழுக்கி. இப்ப அந்தக் கரைக்குப் போவுது. மெள்ள வருது. மறுபடி ஒரு சுத்துச் சுத்துது. வால அடிக்கி. கீழ போவுது, மேல வருது...”

எவ்வளவு நேரம் சொன்னேன் என்று தெரியாது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அந்த ஓடையில் இல்லாத ஆழத்துக்கெல்லாம் மீனை அனுப்பினேன். அவர் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. இப்படிப் பிடி, அப்படி விடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக்கூட நான் கவனிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு முட்டியது. நிறுத்தினேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“அது போயி நேரமாச்சு ஏளா” என்றார். “பரவால்ல. நீ சொல்லு.”

சொன்னேன்.